ரூட் கெனால் செய்து 4 வருஷம் ஆன பல்லில் மறுபடி சீழ்க்கொப்புளம்: ஏன், இனி என்ன செய்வது?

ஈரோட்டுக்காரன்:

அம்மாவுக்கு 61 வயது, சர்க்கரை உண்டு (எச்பிஏ1சி 7.4). மேல் வலது முதல் கடைவாய்ப்பல், அதாவது 16ஆம் நம்பர். 4 வருஷத்துக்கு முன்னால் ரூட் கெனால் செய்து, உலோகத்தின் மேல் பீங்கான் ஏற்றிய கேப் போட்டது. இப்போது அந்தப் பல்லுக்கு மேலே, கன்னப் பக்க ஈறில் மிளகு அளவில் ஒரு கொப்புளம். உடைந்து சீழ் வரும், அமுங்கும், பிறகு அதே இடத்தில் கிளம்பும். வலி என்று சொல்லும்படி இல்லை. அழுத்திக் கடித்தால் மட்டும் அந்தப் பல் வேறு மாதிரி தெரிகிறது என்கிறார்.

சின்ன எக்ஸ்ரேயில் முன்பக்க வேரின் நுனியைச் சுற்றிக் கருப்பு. ஆனால் மூன்று கெனாலிலும் (வேருக்குள் ஓடும் குழல்) அடைத்ததன் வெள்ளைக் கோடு நுனி வரை போயிருப்பது எனக்கே தெரிகிறது. பார்த்த டாக்டர், "நாலாவது கெனால் ஒன்று விட்டுப்போயிருக்கும், ஸ்கேன் எடுத்துப் பார்த்துத் திரும்பச் செய்யலாம், இல்லையென்றால் எடுத்துவிட்டு இம்ப்ளாண்ட்" என்கிறார்.

நரம்பே இல்லாத பல்லில் சீழ் எங்கிருந்து வருகிறது? நுனி வரை அடைத்த பிறகும் ஏன் தோற்கிறது? ஒரு கெனாலையே விட்டுவிட முடியுமா, அது கவனக்குறைவா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

எண்டோ_நெல்லை:

சீழுக்கும் நரம்புக்கும் சம்பந்தமில்லை. காரணம் கிருமி மட்டும்தான். 1965ல் அமெரிக்காவில் வெளியான ஒரு சோதனை இந்த விஷயத்தைத் தீர்த்துவைத்தது. கிருமியே படாமல் வளர்த்த எலிகளின் பல்லைத் துளைத்து, உள்சதையை வாய்க்குள் திறந்தே விட்டார்கள். தீனி போய் அடைந்தும் ஒன்றும் ஆகவில்லை. துளைக்கு அடியில் புது டென்டின் (பல்லின் உட்பக்கக் கடினப் பகுதி) வளர்ந்து மூடிக்கொண்டது. சாதாரண எலிகளுக்கு அதே துளை போட்டால் உள்சதை அழுகி நுனியில் சீழ் கட்டியது.

உங்கள் அம்மா பல்லிலும் அதேதான். வேருக்குள் எங்கோ உயிரோடிருக்கும் கிருமிக்கூட்டத்தின் கழிவு, நுனித் துளை வழியாக எலும்புக்குள் கசிகிறது. அதைத் தடுக்க உடம்பு அந்த இடத்து எலும்பைக் கரைத்துவிட்டு ஒரு சதைத்திசுவைக் கட்டுகிறது. எக்ஸ்ரேயில் தெரியும் கருப்பு அந்தத் திசு. சீழ் சேரும்போது எலும்பைத் துளைத்து ஈறில் வழி பிடிக்கிறது. வழி கிடைத்துவிட்டதால் உள்ளே அழுத்தம் ஏறவில்லை, அதனால்தான் வலியும் இல்லை. வலி இல்லாததை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வேருக்குள் ரத்த ஓட்டம் கிடையாது. ஆகவே உடம்பின் எதிர்ப்புச் செல்களோ, விழுங்கும் மாத்திரையோ அங்கே போய்ச் சேராது. கையால் போய்ச் சுத்தம் செய்தால்தான் உண்டு.

நாலாவது கெனால் விஷயம். மேல் முதல் கடைவாய்ப்பல்லுக்கு மூன்று வேர்: கன்னப் பக்கம் இரண்டு, அண்ணப் பக்கம் ஒன்று. கன்னப் பக்க முன் வேரை மட்டும் குறுக்கே வெட்டிப் பார்த்தால் வட்டமாக இருக்காது; கன்னத்திலிருந்து அண்ணம் நோக்கி நீண்டு, தட்டையாக இருக்கும். அப்படிப்பட்ட வேருக்குள் பெரும்பாலும் இரண்டு கெனால். இரண்டாவதை நாங்கள் எம்பி2 என்போம். பத்துப் பல்லில் ஆறுக்குக் குறையாமல் இருக்கும். மைக்ரோஸ்கோப்பில் தேடினால் இன்னும் அதிகம் கிடைக்கும். சில பல்லில் நுனிக்கு முன்னாலேயே முதல் கெனாலோடு சேர்ந்துவிடும். சேராமல் தனித்துளையில் முடிந்தால்தான் வம்பு.

அதன் வாய் முதல் கெனாலிலிருந்து அண்ணப் பக்கமாகச் சுமார் 2 மி.மீ. தள்ளி, முதல் கெனாலையும் அண்ணக் கெனாலையும் இணைக்கும் கோட்டுக்குச் சற்று முன்னால் இருக்கும். ஆனால் மேலே டென்டின் ஒரு விளிம்பாக நீட்டிக்கொண்டு அதை மறைத்துவிடும். அல்ட்ராசோனிக் முனையால் அந்த விளிம்பை 1 முதல் 2 மி.மீ. ஆழம் செதுக்கிய பிறகுதான் பல பல்லில் ஊசிமுனை அளவுக்கு ஒரு புள்ளி தென்படும். வயதாக ஆக உள்ளே டென்டின் படிந்து கெனால் குறுகிக்கொண்டே போகும். 57 வயதுப் பல்லில், வெறும் கண்ணால், கூரையிலிருந்து வரும் விளக்கை நம்பித் தேடினால் கிடைக்காமல் போவது சகஜம். கவனக்குறைவு என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் கெனால் இருக்கும் என்று தெரிந்தும் தேடாமல் அடைத்திருந்தால் அது வேறு. எக்ஸ்ரேயை வைத்து இரண்டில் எது நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

மேல் கடைவாய்ப்பல் மட்டும் இப்படி இல்லை. கீழ் முன்பற்களில் கணிசமானவற்றுக்கு இரண்டு கெனால் உண்டு, நாக்குப் பக்கக் கெனால்தான் பெரும்பாலும் தப்பும். கீழ் இரண்டாம் கடைவாயில் சில பேருக்குக் கெனால்கள் தனித்தனியாக இல்லாமல், வளைந்த ஒரே பிளவாக ஓடும். கீழ் முதல் கடைவாயில் சிலருக்கு நாக்குப் பக்கம் ஒரு மூன்றாவது வேரே இருக்கும்.

---

கருப்பு_வெள்ளை:

எக்ஸ்ரே பற்றி மட்டும். "வெள்ளைக் கோடு நுனி வரை" என்பதில் இரண்டு சிக்கல்.

ஒன்று, அந்தச் சின்ன எக்ஸ்ரே கன்னத்திலிருந்து அண்ணம் நோக்கி எடுக்கும் நிழல். எம்பி1 (அந்த வேரின் முதல் கெனால்), எம்பி2 இரண்டும் அதே திசையில் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கின்றன. அடைத்ததன் வெள்ளை, அடைக்காததை அப்படியே மறைத்துவிடும். குழாயை முன்னாலோ பின்னாலோ 20 டிகிரி சாய்த்து இன்னொரு படம் எடுத்தால் இரண்டும் பிரியும். வேரின் நடுவில் இல்லாமல் வெள்ளைக் கோடு ஒரு ஓரமாக ஒதுங்கி நின்றால், மறு ஓரத்தில் இன்னொரு கெனால் காலியாக இருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

இரண்டு, கோடு எங்கே முடிகிறது என்பது நீளத்தைச் சொல்லும், சுத்தத்தைச் சொல்லாது. எக்ஸ்ரேயில் தெரியும் வேர் முனையிலேயே கெனாலின் வாயும் இருக்கும் என்பதில்லை, பெரும்பாலும் 0.5 முதல் 1 மி.மீ. முன்னதாகப் பக்கவாட்டில் திறந்திருக்கும். கோடு சரியாக முனையைத் தொட்டு நிற்கிறது என்றால், உண்மையில் கொஞ்சம் வெளியே எட்டிப் பார்த்திருக்கவும் வாய்ப்பு உண்டு. முனைக்கு 0 முதல் 2 மி.மீ. உள்ளே முடிவதுதான் சரியான அளவு. 1990ல் ஸ்வீடனில் வெளியான ஓர் ஆய்வு 8 முதல் 10 வருஷம் கழித்துப் பார்த்தது: நுனியில் ஏற்கெனவே கருப்பு இருந்த பற்களில், அந்த அளவுக்குள் முடிந்தவை 94% ஆறியிருந்தன. வெளியே போனவை 76%. 2 மி.மீ.க்கு மேல் குட்டையாக நின்றவை 68%.

கொப்புளம் இருக்கும்போதே செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. அதன் துளை வழியாக 25 அல்லது 30ஆம் நம்பர் குட்டா பெர்ச்சா (கெனாலை அடைக்கும் ரப்பர் மாதிரிப் பொருள்) குச்சியை மெதுவாக, தடுக்கும் வரை நுழைத்து, அதோடு எக்ஸ்ரே எடுங்கள். குச்சி எந்த வேரைக் காட்டுகிறதோ அதுதான் ஊற்று. பல சமயம் கொப்புளம் நிற்கும் பல் ஒன்று, குச்சி போய் நிற்கும் பல் வேறொன்று. வலிக்காது, மரப்பு ஊசிகூட வேண்டியதில்லை.

ஸ்கேன் என்றால் சிபிசிடி, அதாவது முப்பரிமாண எக்ஸ்ரே. அந்தப் பல்லை மட்டும் பார்க்கும் 5×5 செ.மீ. அளவு போதும், வோக்சல் (படத்தின் மிகச் சிறு புள்ளி) 0.1 மி.மீ. பக்கம் இருக்க வேண்டும். இம்ப்ளாண்டுக்கு எடுக்கும் முழுத்தாடை ஸ்கேனைக் காட்டி எம்பி2 கேட்காதீர்கள். அந்தத் துல்லியம் அதில் வராது, கதிர்வீச்சும் கூடுதல். இன்னொன்று: உலோகக் கேப்பும் குட்டா பெர்ச்சாவும் ஸ்கேனில் கருங்கோடுகளை உண்டாக்கும். அதைப் பார்த்து "வேர் வெடித்திருக்கிறது" என்று ரிப்போர்ட் வந்தால் உடனே பல்லைப் பிடுங்க ஒத்துக்கொள்ளாதீர்கள். விரிசலை ஈறில் அளந்து உறுதி செய்ய வேண்டும்.

---

நாற்காலி_ஓரம்:

எம்பி2 விட்டுப்போச்சு, அதான் காரணம்னு எல்லாரும் முடிச்சிடறாங்க. நியாயமான சந்தேகம்தான். ஆனா நாலு கெனாலும் கண்டுபிடிச்சு அடைச்ச பல்லும் தோக்குது, எம்பி2 விட்ட பல் பல வருஷம் சும்மா கிடக்குது. கழுவினது எப்படிங்கறதை யாரும் கேக்கறதில்ல.

ஃபைல் (கெனாலை இழைக்கற மெல்லிய அரம்) போட்டு இழைச்சா கெனால் சுத்தமாயிடும்னு நினைக்கறோம். கெனால் வட்டக் குழாய் இல்ல. ரெண்டு கெனாலுக்கு நடுவுல மெல்லிய பிளவு, பக்கக் கிளை, நுனியில டெல்டா மாதிரி பிரிவுன்னு இருக்கும். எந்த ரோட்டரி (மோட்டார்ல சுத்தற) ஃபைல் போட்டாலும் சுவர்ல மூணுல ஒரு பங்குக்கு மேல தொடாமலே விட்டுடும்னு மைக்ரோ சிடி (நுண் ஸ்கேன்) படங்கள்ல திரும்பத் திரும்பப் பார்த்தாச்சு. ஃபைலோட வேலை, மருந்து உள்ள போக வழி பண்றது. கிருமியைக் கொல்றதும் செத்த சதையைக் கரைக்கறதும் சோடியம் ஹைப்போகுளோரைட். 2.5லிருந்து 5.25% வரை உபயோகப்படுத்தறாங்க. அதுல நீர்த்ததை எடுத்தா அளவும் நேரமும் கூடணும்.

இப்ப ஒரு கணக்கு. 30 கேஜ் ஊசியோட வெளி விட்டம் சுமார் 0.31 மி.மீ. பக்கவாட்டுல துளை இருக்கற ஊசியிலிருந்து மருந்து முனையைத் தாண்டி 1 மி.மீ. சொச்சம்தான் போகும். அதனால ஊசி நுனிக்கு 1, 2 மி.மீ. கிட்ட போயே ஆகணும். கையால 25ஆம் நம்பர் ஃபைல் வரைக்கும் இழைச்சு நிறுத்தினா (2% சரிவு, அதாவது ஒவ்வொரு மி.மீ.க்கும் 0.02 மி.மீ. அகலம் கூடும்), நுனியில 0.25, நுனியிலிருந்து 3 மி.மீ. மேலதான் 0.31 வரும். ஊசி அங்கயே முட்டி நிக்கும். கடைசி 2 மி.மீ.ல மருந்தே படல. அதே 25ஐ 6% சரிவு ரோட்டரியில முடிச்சா 1 மி.மீ.லயே 0.31, 2 மி.மீ.ல 0.37. ஊசி போகும். வெளியில எக்ஸ்ரேயில ரெண்டும் ஒரே மாதிரி அழகா இருக்கும்.

ஊசி போனாலும் நுனியில காத்துக்குமிழ் அடைச்சுக்கும். அதை உடைக்க அல்ட்ராசோனிக் முனையை 20 செகண்டு வீதம் சில தடவை ஓட்டணும். அது இல்லன்னா கெனாலுக்குப் பொருந்தற குட்டா பெர்ச்சா குச்சியையே 2 மி.மீ. அளவுக்கு மேலயும் கீழயும் வேகமா அசைச்சா போதும், செலவே இல்ல. கடைசியா 17% ஈடிடிஏ ஒரு நிமிஷம், சுவர்ல பூசின இழைப்புத்தூள் போக. சிலர் ஹைப்போகுளோரைட் மேலயே குளோர்ஹெக்சிடின் ஊத்திடறாங்க. செம்பழுப்பா ஒரு வண்டல் படிஞ்சு டென்டின் துளைகளை அடைச்சிடும். நடுவுல சலைன் விட்டுக் கழுவி, உறிஞ்சி எடுத்துட்டுதான் அடுத்தது.

அப்புறம் ரப்பர் டேம். பல்லை மட்டும் வெளிய நீட்டி, வாயை மூடற அந்த ரப்பர் ஷீட். அது இல்லாம பஞ்சு உருளையை மட்டும் வெச்சு கடைவாய்க்கு ரூட் கெனால் பண்ணினா, ஒரு பக்கம் கிருமியைக் கழுவிக்கிட்டே மறுபக்கம் எச்சிலை உள்ள விடறோம். தொண்டைக்கு மருந்து போயிடுமோங்கற பயத்துல ஹைப்போகுளோரைட்டையும் தண்ணி மாதிரி ஆக்கிடுவாங்க. நோயாளிங்க கண்ணால பார்த்துத் தெரிஞ்சுக்கக்கூடிய ஒரே தர அடையாளம் இதுதான். அடுத்த தடவை செய்யும்போது கேளுங்க சார், கேக்கறதுல தப்பே இல்ல.

---

கேப்_வேலை:

மேலே எல்லோரும் வேருக்குள்ளேயே நிற்கிறீர்கள். 4 வருஷம் நன்றாக இருந்து இப்போது கிளம்பியது என்றால் நான் முதலில் கேப்பின் விளிம்பைத்தான் பார்ப்பேன்.

முதல் நாளே விட்டுப்போன கிருமி பெரும்பாலும் சீக்கிரமே தலைகாட்டும். வருஷங்கள் கழித்து வருவதில் ஒரு பங்கு மேலேயிருந்து புதிதாக இறங்கிய கிருமி. குட்டா பெர்ச்சாவும் சீலரும் (அதோடு சேர்த்து வைக்கும் பசை) எச்சிலைத் தடுக்கும் என்று நம்பக்கூடாது. மேல் அடைப்பு போனால் எச்சில் வாரக்கணக்கிலேயே கீழே இறங்கத் தொடங்கும். அடைத்த கெனால் வாயில் மூன்று மாதம் திறந்து கிடந்தால், வலி இல்லாவிட்டாலும் திரும்பச் செய்துவிட்டுத்தான் கேப் போட வேண்டும்.

எங்கே கசிகிறது என்றால்: சிகிச்சைக்கு நடுவில் போடும் தற்காலிக அடைப்பு குறைந்தது 3.5 முதல் 4 மி.மீ. கனம் இருக்க வேண்டும். அடியில் பெரிய பஞ்சு உருண்டையை வைத்து மேலே மெல்லிதாகப் பூசினால் அது கசியும், உடையவும் செய்யும். அந்த அடைப்போடு "வலி போயிடுச்சு" என்று ஆறு மாதம் வராமல் இருப்பவர்கள் ஏராளம். அடுத்து, கேப்புக்கு அடியில் சொத்தை. கேப் விளிம்பு நல்ல பல்லின் மேல் உட்காராமல், உள்ளே கட்டிய சிமெண்ட் மேலோ சொத்தை மேலோ உட்கார்ந்திருந்தால் சில வருஷத்தில் வழி திறந்துவிடும். பல்லின் மிச்சச் சுவர் ஈறுக்கு மேல் சுற்றிலும் 2 மி.மீ. உயரமாவது கேப்புக்குள் போக வேண்டும். அது இல்லாத பல்லுக்கு எவ்வளவு பிரமாதமாக ரூட் கெனால் செய்தாலும் கேப் ஆடும், கழன்று விழும், அல்லது வேர் வெடிக்கும்.

கடைவாய்க்குக் கேப்பே போடாமல் விடுவது இன்னொரு கதை. 2002ல் வந்த அமெரிக்க ஆய்வொன்றில், ரூட் கெனால் செய்து கேப் போடாத பற்கள், போட்டவற்றைவிட 6 மடங்கு வேகத்தில் இழக்கப்பட்டன. "பிறகு போட்டுக்கொள்ளலாம்" என்று தள்ளும் செலவுதான் கடைசியில் பெரிய செலவாகிறது.

விரிசலை எப்படி அளப்பது: ஈறு அளக்கும் புரோபை பல்லைச் சுற்றி மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்த்த வேண்டும். சுற்றிலும் 3, 3, 3 என்று வந்து, ஒரே ஓர் இடத்தில் மட்டும் குறுகலாக 8, 9 என்று இறங்கினால் வேர் நெடுக்கில் வெடித்திருக்க வாய்ப்பு அதிகம். ஆறு இடத்தில் தொட்டுவிட்டு எழுதினால் அந்தக் குறுகிய பள்ளம் தப்பிவிடும். எக்ஸ்ரேயில் கருப்பு நுனியில் மட்டும் நில்லாமல் வேரின் ஒரு பக்கமாக ஏறி வந்தாலும், கொப்புளம் நுனிக்கு நேராக இல்லாமல் ஈறு விளிம்பை ஒட்டி இருந்தாலும் அதே சந்தேகம். வெடித்த வேரைக் காப்பாற்ற வழி இல்லை. மேல் கடைவாயில் ஒரு வேர் மட்டும் என்றால் அதைத் துண்டித்து எடுத்து மற்ற இரண்டில் பல்லை நிறுத்தலாம், அதுவும் எல்லாருக்கும் ஒத்துவராது.

---

ஈரோட்டுக்காரன்:

இன்று அளந்து பார்த்தார்கள். சுற்றிலும் 3 மி.மீ., ஆழப் பள்ளம் எங்கும் இல்லை. குச்சி வைத்து எடுத்த படத்தில் அது கன்னப் பக்க முன் வேரின் நுனிக்கே போகிறது. கேப்பின் பின் விளிம்பில் சோதிக்கும் கூர்கம்பி மாட்டுகிறது என்றார் டாக்டர்.

அப்படியானால் திரும்பச் செய்தால் எத்தனை சதவீதம் தேறும்? உள்ளே அடைத்ததை எப்படி எடுப்பார்கள்? மருந்துக்கடையில் அமாக்ஸிசிலினும் மெட்ரோனிடசோலும் 5 நாளுக்குக் கொடுத்தார்கள், சாப்பிடலாமா? சர்க்கரையால் பாதிப்பு உண்டா?

---

எண்டோ_நெல்லை:

மாத்திரை வேண்டாம். கொப்புளம் வழியாக வடிந்துகொண்டிருக்கும் பல்லுக்கு ஆன்டிபயாடிக் தேவையே இல்லை. சாப்பிட்டால் சில நாள் கொப்புளம் அமுங்கும், மூலம் அப்படியே இருக்கும், திரும்ப வரும். முகம் வீங்குதல், காய்ச்சல், வாய் திறக்க முடியாமல் போவது, விழுங்கச் சிரமம், இதில் ஏதாவது வந்தால் மட்டும் மருந்து, அதுவும் அன்றைக்கே டாக்டரிடம் போய். விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் என்றால் நேராக ஆஸ்பத்திரி.

அளவும் படமும் நல்ல செய்தி. வெடிப்புக்கான அடையாளம் இல்லை, ஒரே வேரில் ஊற்று, மேலே கேப் கசிவும் இருக்கிறது. திருத்தக்கூடிய காரணங்கள் இரண்டு கிடைத்துவிட்டன. காரணமே தெரியாமல் திரும்பச் செய்வதைவிட இது பல மடங்கு மேல்.

சதவீதம் கேட்டால் எச்சரிக்கையோடு சொல்கிறேன். முன்னால் சொன்ன அதே ஸ்வீடன் ஆய்வில், நுனியில் கருப்பு இல்லாமல் முதல் தடவை செய்தவை 96% தேறின. கருப்போடு முதல் தடவை செய்தவை 86%. ஏற்கெனவே அடைத்து, கருப்பும் இருந்து, திரும்பச் செய்தவை 62%. அது மைக்ரோஸ்கோப் பரவாத காலத்துக் கணக்கு. 2004ல் இத்தாலியிலிருந்து வந்த ஓர் ஆய்வு எனக்கு இதைவிடப் பயன்படுகிறது: முதல் தடவை செய்தவர் கெனாலின் இயற்கை வழியைக் கெடுக்காமல் விட்டிருந்த பற்கள் 86.8%, வழி சிதைந்திருந்தவை 47%. வளைந்த கெனாலில் விறைப்பான ஃபைலை முறுக்கி நேராக்கினால் சுவரில் ஒரு படிக்கட்டு விழும். அதற்குப் பிறகு போகிற ஒவ்வொரு ஃபைலும் அந்தப் படியிலேயே போய் இடிக்கும், அசல் வழி கிடைக்காது. உங்கள் அம்மாவுக்கு எம்பி2 தொடப்படாத கெனால். கெட்டுப்போகாமல் இருப்பதே அதில் ஆதாயம்.

செய்யும் முறை இப்படி. கேப் விளிம்பு கசிவதால் அதைத் துளைத்து உள்ளே போகாமல் வெட்டி எடுத்துவிடுவதே சரி. அடியில் சொத்தை எவ்வளவு, சுவர் எவ்வளவு மிச்சம் என்று அப்போதுதான் தெரியும். மிச்சம் போதாது என்றால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும், கெனாலைத் தொட்டு இன்னும் செலவு வைக்கக்கூடாது. போதும் என்றால் ரப்பர் டேம் போட்டு, பழைய அடைப்பைத் தோண்டி, எம்பி2வைத் தேடுவது. பழைய குட்டா பெர்ச்சாவின் மேல் பாதியை ரோட்டரி ஃபைலே இழுத்து வந்துவிடும். கீழ்ப் பாதிக்கு ஹெட்ஸ்ட்ராம் ஃபைல். இறுகியிருந்தால் சைலீன் அல்லது ஆரஞ்சு எண்ணெய் சில சொட்டு. கரைப்பானை ஆரம்பத்திலேயே ஊற்றக்கூடாது, பசையாகிச் சுவர் முழுக்கப் பூசிக்கொண்டு பக்கக் கிளைகளையும் அடைத்துவிடும்.

எம்பி2வில் முதலில் 8 அல்லது 10ஆம் நம்பர் கை ஃபைல், பிறகு 15 தடையில்லாமல் ஓட வேண்டும், அதற்குப் பிறகே ரோட்டரி. அவசரப்பட்டால் ஃபைல் உள்ளே ஒடியும். ஒடிந்த துண்டு தானாக எந்தத் தீங்கும் செய்யாது. அதற்குக் கீழே சுத்தம் செய்ய முடியாமல் போவதுதான் தீங்கு. நீளத்தை ஏபெக்ஸ் லொக்கேட்டரில் (வேர் நுனியை மின்சாரத்தால் கண்டறியும் கருவி) பார்த்து 0.5 மி.மீ. குறைத்து, எக்ஸ்ரேயிலும் சரிபார்க்க வேண்டும்.

கழுவுவது பற்றி நாற்காலி_ஓரம் சொன்னதே போதும். தோற்ற பல்லில் அடிக்கடி அகப்படும் கிருமி என்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ். பட்டினி கிடந்தும் பல மாதம் பிழைக்கும். நடுவில் வைக்கும் கால்சியம் ஹைட்ராக்சைடின் பிஎச் 12.5 பக்கம், ஆனால் டென்டின் அந்தக் காரத்தைத் தணித்துவிடும், இந்தக் கிருமி 11 சொச்சம் வரை தாக்குப்பிடிக்கும். அதனால் மருந்தை வைத்துவிட்டோம், அது பார்த்துக்கொள்ளும் என்று விடமுடியாது. இருந்தாலும் கொப்புளம் இருக்கிற மறு சிகிச்சையில் ஒரே நாளில் அடைத்து முடிப்பதை நான் விரும்புவதில்லை. 1 முதல் 2 வாரம் மருந்தோடு விட்டு, கொப்புளம் மூடியிருந்தால் அடைப்பேன். மூடவில்லை என்றால் இன்னும் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று திரும்பத் தேட ஒரு வாய்ப்பு கிடைக்கிறது. ஒரே நாளில் முடிப்பவர்களும் நல்ல பலன் காட்டுகிறார்கள், அதையும் மறுக்கவில்லை.

சர்க்கரை: ஆறுவது மெதுவாகும், சிகிச்சை கூடாது என்றில்லை. 7.4 இதற்குத் தடையல்ல. எலும்புத் தேய்மானத்துக்கு அம்மா ஏதாவது ஊசியோ வாரம் ஒரு மாத்திரையோ எடுக்கிறாரா என்று பாருங்கள். சோலெட்ரோனிக் ஆசிட், அலெண்ட்ரோனேட் போன்றவை எடுப்பவர்களுக்குப் பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு. அப்படியானால் பல்லை எடுப்பதைவிட மறு சிகிச்சை பக்கமே சாய வேண்டும்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை: மைக்ரோஸ்கோப் அல்லது நல்ல லூப் (கண்ணில் மாட்டும் பூதக்கண்ணாடி) இருக்கிறதா, ரப்பர் டேம் போடுவாரா, மேல் கடைவாயில் மறு சிகிச்சை வழக்கமாகச் செய்பவரா. கன்சர்வேடிவ் டென்டிஸ்ட்ரி அண்ட் எண்டோடான்டிக்ஸில் எம்.டி.எஸ். முடித்தவராக இருந்தால் நல்லது. ஒரு தடவைக்கு ஒன்று, ஒன்றரை மணி நேரம் எடுக்கும் வேலை. அரைமணியில் முடிகிறது என்றால் சந்தேகப்படலாம்.

---

தாடை_வேலை:

திரும்பச் செய்தும் ஆறாவிட்டால் என்ன என்று யாரும் சொல்லவில்லை. எல்லாக் கிருமியும் வேருக்குள்ளேயே இருக்கும் என்பதில்லை. சில பல்லில் நுனிக்கு வெளியே, வேரின் வெளிப்புறத்திலேயே படிந்திருக்கும். ஆக்டினோமைசஸ் என்ற கிருமி நுனியைச் சுற்றிய திசுவிலேயே கூடு கட்டும். சிலவற்றில் கருப்பு என்பது கெனாலோடு தொடர்பில்லாமல் தனியே மூடிக்கொண்ட சிஸ்ட் (நீர்ப்பை). உள்ளே சுத்தம் செய்தாலும் அது கேட்காது. இதையெல்லாம் எக்ஸ்ரேயில் பிரித்துச் சொல்ல முடியாது, எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினால்தான் தெரியும்.

அப்போது அபிசெக்டமி. ஈறைத் திறந்து, அந்தத் திசுவைச் சுரண்டி எடுத்து, வேரின் கடைசி 3 மி.மீ.ஐ வெட்டுவோம். பக்கக் கிளைகளில் பெரும்பகுதி அந்த 3 மி.மீ.க்குள்தான் இருக்கிறது, அதனால் அந்த அளவு. பிறகு வெட்டிய முனையிலிருந்து வேருக்குள் 3 மி.மீ. ஆழம் குடைந்து எம்டிஏ (ஒரு வகைப் பல் சிமெண்ட்) அடைப்பு. கன்னப் பக்க முன் வேர் கைக்கு எட்டும் இடம்தான். அண்ண வேர் சிரமம், சைனஸும் பக்கத்தில். மேலே கேப் கசிந்துகொண்டிருக்க, அதைச் சரிசெய்யாமல் நேராக அறுவை செய்வது வீண்.

இம்ப்ளாண்ட் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். அந்த இடத்தில் சைனஸ் தரை தாழ்வாக இருந்தால் பல்லை எடுத்த பிறகு எலும்பு உயரம் போதாமல் சைனஸ் லிஃப்ட் (சைனஸ் தரையை உயர்த்தி எலும்பு சேர்ப்பது) தேவைப்படலாம். அப்படியானால் கூடுதல் செலவு, பல் கட்ட இன்னும் சில மாதம். எடுக்கும் ஸ்கேனிலேயே அந்த உயரத்தையும் அளந்து தரச் சொல்லுங்கள்.

---

ஈரோட்டுக்காரன்:

எலும்புக்கு மாத்திரை எதுவும் இல்லை. மறு சிகிச்சைக்கே தேதி வாங்கிவிட்டோம். ஆறுகிறதா என்று எப்போது, எப்படித் தெரியும்?

---

கருப்பு_வெள்ளை:

கொப்புளம் சில வாரத்தில் மூட வேண்டும். செய்த பிறகு முதல் இரண்டு நாள் கடிக்கும்போது வலி இருக்கும், ஒரு வாரத்தில் அடங்கும். அதற்கு மேல் கூடினால் கடி உயரமாக இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

எலும்பு அவ்வளவு சீக்கிரம் நிரம்பாது. அடைத்து முடித்த அன்று ஒரு படம், 6 மாதத்தில் ஒன்று, 1 வருஷத்தில் ஒன்று. அப்போது கருப்பு சிறுத்திருந்தால் போதும், முழுக்க மறைய வேண்டியதில்லை. 4 வருஷம் வரை அவகாசம் கொடுக்கலாம். பெருத்தாலோ கொப்புளம் திரும்பினாலோ காத்திருக்க வேண்டாம். மூன்று படமும் ஹோல்டர் வைத்து ஒரே கோணத்தில் எடுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சிறுத்ததா குழாய் சாய்ந்ததா என்று தெரியாது. இதற்கெல்லாம் சிபிசிடி திரும்பத் திரும்ப வேண்டாம். பழைய படங்களை வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வேறு கிளினிக்குக்குப் போனால் ஒப்பிட அவைதான் இருக்கும்.

---

கேப்_வேலை:

அடைத்து முடித்ததும் கேப்புக்கு ஒரு வருஷ எக்ஸ்ரேவுக்காகக் காத்திருக்காதீர்கள். கெனால் வாய்களின் மேலேயே ஒட்டும் அடைப்பை அதே நாளில் வைத்து, கொப்புளம் மூடி, கடித்தால் வலி இல்லை என்றானதும் இரண்டு முதல் நாலு வாரத்துக்குள் கேப் போட்டுவிடலாம். அதுவரை அந்தப் பக்கம் முறுக்கு, சீடை கடிக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.